நெஞ்சுல டியூப், பன்னெண்டு நாளா பாட்டில்ல குமிழி நிக்கல. ஆபரேஷனுக்கு ஒத்துக்கலாமா?

#1 காரிமங்கலம் டயர் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இங்க நான் வழக்கமா லாரி டயர் விலை, ரீட்ரெடிங் பத்தித்தான் எழுதுவேன். இன்னைக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க அண்ணனுக்கு வயசு 41. ஹைவேல ரெண்டு பேரும் சேர்ந்துதான் பஞ்சர் கடை வெச்சிருக்கோம். பீடி உண்டு, குடி இல்ல. மூணு வாரத்துக்கு முன்னாடி காய்ச்சல், உடம்பு வலி. பக்கத்துல ஒரு கிளினிக்ல நாலு நாள் ஊசி போட்டு அனுப்பினாங்க. அஞ்சாம் நாள் ராத்திரி படுக்க முடியாம சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தே இருந்தாரு. விரல்ல மாட்டுற மெஷின் ஆக்சிஜன் 78 காட்டுச்சு. உடனே தருமபுரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டெஸ்ட்ல இன்ஃப்ளுயன்ஸா ஏங்கிற ஃப்ளூ வைரஸ். ஸ்கேன்ல ரெண்டு நுரையீரலும் பஞ்சு அடைச்ச மாதிரி வெள்ளையா இருந்துச்சு. பைபாப்னு முகத்துல இறுக்கிக் கட்டி காத்து தள்ளுற மெஷின் வெச்சாங்க.

அதுல அஞ்சாவது நாள் விடியக்காலம் இருமினவரு, வலது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு கண்ணு சொருகிட்டாரு. எக்ஸ்ரேல வலது நுரையீரல் ஓட்டையாகி, காத்து வெளிய கசிஞ்சு, ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்துச்சு. விலாவுல ஓட்டை போட்டு டியூப் விட்டு, முனையை ஒரு பாட்டில் தண்ணிக்குள்ள இறக்கினாங்க. ஐசிடின்னு சொல்றாங்க. போட்ட உடனே பாட்டில்ல கொதிக்கிற மாதிரி குமிழி. அண்ணன் கண்ணு தொறந்துட்டாரு.

இன்னைக்கு பன்னெண்டாம் நாள். பைபாப் எடுத்தாச்சு, மாஸ்க்ல எட்டு லிட்டர் ஆக்சிஜன் போகுது, 93 இருக்கு. ஆனா குமிழி நிக்கல. சேலத்துல நெஞ்சு ஆபரேஷன் டாக்டர் இருக்காரு, கேமரா விட்டு ஓட்டையை அடைக்கலாம், ரிஸ்க்கும் இருக்கு, குடும்பத்துல பேசிட்டு சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அண்ணி அழுவறாங்க. கத்தி பட்டா காத்து போயிடும்னு பெரிய மாமா.

எனக்கு ஒண்ணுதான் புரியல. டயர் டியூப்ல பஞ்சர்னா நாங்க பத்து நிமிஷத்துல ஒட்டிடுவோம். இவங்க பன்னெண்டு நாளா குமிழியைப் பார்த்துக்கிட்டே இருக்காங்களே, ஏன்?

#2 ராயக்கோட்டை ராசா | 11.05

தப்பா எடுத்துக்காத தம்பி. நெஞ்சுல டியூப் போட்டா முடிஞ்ச கதை. 2021-ல கோவிட்ல எங்க தெருவுல ரெண்டு பேருக்குப் போட்டாங்க, ரெண்டு பேருமே வீடு திரும்பல. பில்லு ஏத்தறதுக்குத்தான் ஆபரேஷன் பேச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து திப்பிலிப் பொடியைத் தேன்ல குழைச்சுக் குடு.

#3 ஊத்தங்கரை சிஸ்டர் | 11.32

ராசா அண்ணா, குமிழி வர்ற டியூபோட ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா பாதி வழியிலயே என்ன ஆகும்னு தெரியுமா? திப்பிலி கஷாயம் சளிக்குக் குடிங்க, நானும் குடிப்பேன். இது சளி இல்ல.

டயர் தம்பி, பதினஞ்சு வருஷமா ஐசியுல வேலை பார்க்கிறேன். அந்த பாட்டிலை நீங்களும் படிக்கலாம். மூச்சு இழுத்து விடும்போது குழாய்க்குள்ள தண்ணி ஏறி இறங்குதா? இறங்கினா டியூப் அடைபடாம இருக்குன்னு அர்த்தம். அடுத்து, குமிழி எப்ப வருதுன்னு பாருங்க. இருமினா மட்டும் ரெண்டு குமிழியா, ஒவ்வொரு மூச்சு விடும்போதுமா, இல்ல இழுக்கும்போதும் விடும்போதும் நிக்காம வருதா? மூணும் ஒண்ணு இல்ல. நிக்காம கொதிச்சுக்கிட்டு இருந்தது மூச்சுக்கு ஒண்ணா குறைஞ்சு, அப்புறம் இருமலுக்கு மட்டும்னு வந்தா ஓட்டை சின்னதாகுதுன்னு அர்த்தம். நாளைக்கு காலையில பார்த்து எழுதுங்க.

பாட்டிலை மெத்தை மேல வைக்காதீங்க, எப்பவும் நெஞ்சுக்குக் கீழ தரையில இருக்கணும். கவுந்துட்டா நிமித்தி வெச்சுட்டு உடனே கூப்பிடுங்க. குமிழி வர்ற டியூபை யார் சொன்னாலும் மடக்கவோ கிளிப் போடவோ விடாதீங்க. உள்ள சேர்ற காத்துக்குப் போக வழி இல்லாம இதயத்தையே ஒரு பக்கமாத் தள்ளிடும், பிரஷர் விழுந்துடும்.

கழுத்து, கன்னம் வீங்கி, தொட்டா பொரி மேல கை வெச்ச மாதிரி நறநறன்னு இருந்தா அதையும் சொல்லுங்க. காத்து தோலுக்கு அடியில போகுது. பார்க்கத்தான் பயங்கரமா இருக்கும், கண்ணு மூடுற அளவுக்குக் கூட வீங்கும். பெரும்பாலும் டியூபை சரி பண்ணினா தானா வடிஞ்சிடும்.

#4 தூங்கவைப்பவன் | திங்கள், காலை 6.15

மயக்க மருந்து டாக்டர், பர்கூர்க்காரன். நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதறேன், பிழை இருந்தா மன்னிக்கணும்.

முதல்ல ராசா சாருக்கு. 2020-ல இங்கிலாந்துல 16 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, கோவிட் நிமோனியாவோட நுரையீரலுக்கு வெளிய காத்து கசிஞ்ச 71 பேரைப் பத்தி எழுதினாங்க. நுரையீரல் சுருங்கினவங்கள்ல நூத்துக்கு 63 பேர் 28 நாள் தாண்டியும் உயிரோட இருந்தாங்க. 70 வயசுக்கு மேலன்னா 42 பேர்தான். லேசான விஷயம்னு நான் சொல்லல. ஆனா டியூப் போட்டா முடிஞ்ச கதைங்கிறதும் கிடையாது. உங்க தெருவுல போனவங்களைக் கொண்டு போனது டியூப் இல்ல, அடியில இருந்த நிமோனியா.

இப்போ டயர் தம்பி கேட்ட கேள்வி. பஞ்சர் கடைக்காரர் கேட்டதால உங்க பாஷையிலயே சொல்றேன். நல்ல டியூப்ல ஆணி குத்தினா ஒட்டு நிக்கும். வெயில்ல காஞ்சு, தொட்டா விரிசல் விடுற டியூபைக் கொண்டு வந்தா ஒட்டு போடுவீங்களா? ஒட்டைச் சுத்திக் கிழியும். வைரஸ் நிமோனியா வந்த நுரையீரல் இப்போ அந்த நிலைமையில இருக்கு. காத்துப் பைகளோட சுவர் வீங்கி நைஞ்சு போயிருக்கு, விளிம்புல சின்னச் சின்னக் கொப்புளம் கட்டுது. இருமலோ மெஷினோட அழுத்தமோ அதுல ஒண்ணை உடைச்சுடுது. அந்த நேரத்துல ஆபரேஷன் பண்ணி ஓட்டையை மூட ஸ்டேப்ளர் அடிச்சா, அடிச்ச கோட்டுலயே புதுசா கசியும். பத்தாததுக்கு ஸ்டீராய்டு போயிருக்கும். நுரையீரல் வீக்கத்துக்கு அது சில பேருக்குத் தேவை, ஆனா புண்ணை சீக்கிரம் ஆற விடாது.

ரெண்டாவது என் பிரச்னை. கேமரா ஆபரேஷன்ல வலது பக்கத்தை சர்ஜன் பார்க்கணும்னா அந்த நுரையீரலை நான் சுருக்கி வைக்கணும். ரெண்டு குழல் இருக்கிற டியூபைத் தொண்டையில விட்டு இடது பக்கத்துக்கு மட்டும் காத்து குடுப்போம். சாதாரண ஆளுக்கு இதுல பெருசா ஒண்ணும் இல்ல. உங்க அண்ணனுக்கு இடதும் பாதி வெள்ளை. நொண்டிக்கிட்டு இருக்கிற ஒத்தை மாட்டை வண்டியில பூட்டி மேட்டுல ஏத்தச் சொல்ற கதை. எட்டு லிட்டர்ல 93 இருக்கிறவரை ஒரு நுரையீரல்ல ரெண்டு மணி நேரம் ஓட்ட எனக்குக் கை நடுங்கும். ரெண்டு லிட்டர்ல 95 இருந்தா வாங்கன்னு சொல்லுவேன்.

அதுக்காகக் காத்துக்கிட்டே இருக்கவும் முடியாது. டியூப் வழியா கிருமி ஏறி சீழ் பிடிக்கலாம். சுருங்கியே கிடந்த நுரையீரல் மேல தோல் மாதிரி ஒரு ஏடு படிஞ்சு, அப்புறம் விரியவே மாட்டேன்னு அடம் பிடிக்கும். பொதுவா அஞ்சு ஏழு நாள் தாண்டியும் கசிஞ்சா சர்ஜனைக் கேளுங்கம்பாங்க. நல்ல நுரையீரல் உள்ள சின்னப் பையனுக்கு அந்தக் கணக்குலயே ஆபரேஷன் முடிஞ்சிடும். வைரஸ் நிமோனியாவுல சர்ஜன் வந்து பார்ப்பாரு, கத்தி எடுக்க நாள் தள்ளுவாரு. உங்க டாக்டர் பைபாப்பை எடுத்தாரு பாருங்க, அது பாதி வைத்தியம். உள்ள தள்ளுற அழுத்தம் நின்னாத்தான் ஓட்டை மூட ஆரம்பிக்கும்.

ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு வீட்டுல சண்டை போட வேண்டாம். டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. கசிவு போன வாரத்தை விடக் குறைஞ்சிருக்கா? எக்ஸ்ரேல நுரையீரல் விரிஞ்சு விலா எலும்பைத் தொடுதா? இடது பக்கம் தனியா தாங்குமா?

#5 காரிமங்கலம் டயர் | திங்கள், காலை 9.20

சார், காஞ்ச டியூப்னு சொன்னதும் புரிஞ்சிடுச்சு. அந்த மாதிரி டியூபை நாங்க கஸ்டமர் கையிலயே குடுத்து வேற வாங்கிக்கன்னு சொல்லிடுவோம். இங்க வேற கிடைக்காதே.

சிஸ்டர் அக்கா, காலையில இருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாட்டிலையே பார்த்தேன். மூச்சு விடும்போது நாலஞ்சு குமிழி. இழுக்கும்போது இல்ல. இருமினா கொத்தா வருது. மொதல் வாரம் நிக்காம கொதிச்சது.

#6 ஓசூர் ஷிப்ட் | 9.48

யோசிக்காம பெங்களூரு கொண்டு போங்க ப்ரோ. எல்லா வசதியும் அங்க இருக்கு.

#7 நூத்தியெட்டு | 10.30

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன். ஓசூர்ல இருந்து பார்த்தா பெங்களூரு பக்கம்தான். தருமபுரியில இருந்து சேலம் அறுவத்தஞ்சு கிலோமீட்டர், பெங்களூரு அதுக்கு ரெண்டு மடங்கு. அதுல ஓசூர் தாண்டி டிராஃபிக்ல நிக்கிற நேரம் தனி. எட்டு லிட்டர் போற ஆளுக்கு சிலிண்டர் கணக்கும் பார்க்கணும்.

எங்க போனாலும் ஒண்ணு சொல்றேன். இந்த கேஸ்ல பயம் ரோட்டுல இல்ல, ஏத்தி இறக்குறதுலதான். ஒரு தடவை வார்டுல இருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாத்தும்போது, உதவிக்கு வந்த சொந்தக்காரர் பாட்டிலைத் தூக்கி நோயாளி வயித்து மேல வெச்சுட்டாரு. தண்ணி டியூப்ல திரும்பி ஏறினதை நான்தான் பார்த்து எறக்கினேன். நல்ல மனசுலதான் செஞ்சாரு, பாவம். தொப்பூர் கணவாய் இறக்கத்துல பிரேக் அடிக்க அடிக்க பாட்டில் உருளும். ரெண்டு காலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டுத்தான் உட்காருவேன். கூட வர்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க, பாட்டிலுக்கு ஒரு ஆள், வேற எதையும் அவர் தொடக்கூடாது.

#8 மொரப்பூர் வாத்தியார் | பகல் 12.10

ஓய்வுபெற்ற ஆசிரியன். கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன். என் தாத்தாவுக்கு டிபி. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானடோரியத்தில் வைத்திருந்தார்கள். அங்கே வாரம் ஒரு முறை ஊசி போட்டு நெஞ்சுக்குள் காற்றை ஏற்றுவார்களாம், நுரையீரலைச் சுருக்குவதற்காகவே. சுருங்கி ஓய்வெடுத்தால் புண் ஆறும் என்பது அன்றைய வைத்தியம். இத்தாலியில் போர்லானினி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி மருந்து வரும்வரை உலகம் முழுக்க நடந்தது. தாத்தா "காத்து போட்டுக்கிட்டு வந்தேன்" என்பாராம், ஏதோ வெற்றிலை போட்ட மாதிரி. எழுபது வயது தாண்டித்தான் போனார். அன்று உள்ளே ஏற்றிய காற்றை இன்று வெளியேற்றப் பாடுபடுகிறார்கள்.

இன்னொன்று. எங்கள் காலத்தில் எதற்கெடுத்தாலும் சேலம்தான். தருமபுரிக்கு 2008-லும் கிருஷ்ணகிரிக்கு 2022-லும் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு எவ்வளவோ மாறிவிட்டது. இந்தத் தம்பியின் அண்ணனுக்கு ஐசிடி போட்டது தருமபுரியிலேயே என்பதைக் கவனித்தீர்களா? அந்த நேரம் ரோட்டில் போயிருந்தால் இந்த இழையே இருக்காது.

#9 தென்பெண்ணை | 2.45

காவேரிப்பட்டணம். மாந்தோப்பு வெச்சிருக்கேன். 2021 ஜூன்ல இதே கதை எனக்கு நடந்துச்சு, கோவிட்ல. அப்போ எனக்கு 47. டியூப் 19 நாள் இருந்துச்சு, ஆபரேஷன் 20-ஆம் நாள்.

பெருசா பயந்தது ஆபரேஷனுக்கு. நிஜத்துல கஷ்டம் குடுத்தது டியூப்தான். விலா எலும்புக்கு நடுவுல நரம்பு போகுதாம், அது மேல உரசிக்கிட்டே இருக்கும். திரும்பிப் படுக்க முடியாது. தும்மல் வந்தா உசுரு போய் உசுரு வரும். வலிக்குதுன்னு மூச்சை அரையா விட்டேன், அதனால சளி தேங்குச்சு. வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டு ஆழமா மூச்சு விடுங்கன்னு ஒரு பிசியோதெரபி பொண்ணு திட்டினப்புறம்தான் உருப்பட்டேன். உங்க அண்ணன் வீம்புக்கு வலியை அடக்குற ஆளா இருந்தா சொல்லுங்க, அடக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி பீட்டாடின் கலந்து டியூப் வழியா ஊத்தினாங்க, நுரையீரல் நெஞ்சுச் சுவரோட ஒட்டிக்கும்னு. மிளகாய் அரைச்சு ஊத்தின மாதிரி எரிச்சல். எனக்கு அது வேலை செய்யல, நுரையீரல் முழுசா விரியாம இருந்ததால ஒட்டலன்னு அப்புறம் சொன்னாங்க. கேமரா ஆபரேஷன்ல மூணு ஓட்டை. நாலாம் நாள் டியூப் எடுத்தாச்சு.

இன்னைக்கும் அந்தப் பக்கம் சட்டை உரசினா மரத்த மாதிரி இருக்கும். மரம் ஏற மாட்டேன், மத்தபடி அறுவடைக்கு நாள் பூரா நிக்கிறேன். கொஞ்ச நாளைக்கு பிளைட்ல போகாதீங்கன்னாங்க, கடலுக்கு அடியில முக்குளிக்கவே கூடாதுன்னாங்க. கேஆர்பி டேம்ல கூட எறங்காதவன் நான்.

#10 ராயக்கோட்டை ராசா | 4.00

சரி, நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். பணம்? அதை யாரும் பேச மாட்டேங்கிறீங்களே.

#11 ஊத்தங்கரை சிஸ்டர் | 4.25

நல்ல கேள்விண்ணா. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. தம்பி, போற ஆஸ்பத்திரியில காப்பீட்டு கவுண்டருக்கு ஆதார், ரேஷன் கார்டோட முதல்லயே ஒருத்தரை அனுப்புங்க. இந்த ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்குமா, ஸ்டேப்ளர் குண்டுக்கு, அதாவது ஸ்டேப்ளர்ல போடுற பின் கட்டுக்கு, தனியா பணம் கட்டணுமான்னு கேட்டு வாங்கிக்குங்க. ஸ்டேப்ளர் குண்டுதான் விலை ஜாஸ்தி.

#12 நெறியாளர் | 4.40

மருந்து அளவு, ஆஸ்பத்திரி பேர், டாக்டர் போன் நம்பர் எதையும் இங்க போடாதீங்க. ரெண்டு பதிவு நீக்கியிருக்கேன்.

#13 காரிமங்கலம் டயர் | வியாழன், இரவு 9.15

செவ்வாய்க்கிழமை சேலம் வந்துட்டோம். பாட்டிலுக்கு என் மச்சானை உட்கார வெச்சேன். தொப்பூர்ல அவன் பாட்டிலைப் பிடிச்ச பிடியில இன்னமும் கை வலிக்குதுங்கிறான்.

சர்ஜன் எல்லா எக்ஸ்ரேயையும் வரிசையா விளக்குல மாட்டிப் பார்த்தாரு. தூங்கவைப்பவன் சார் சொன்ன மூணு கேள்வியையும் பேப்பர்ல எழுதி வெச்சுக் கேட்டேன். யாருய்யா சொல்லிக் குடுத்தாங்கன்னாரு. கசிவு குறையுது, நுரையீரல் முக்கால்வாசி விரிஞ்சிருக்கு, இடது பக்கம் இன்னும் தயார் இல்ல. ஒரு வாரம் தள்ளலாம், நடுவுல அவரோட ரத்தத்தையே வெச்சு ஒரு முயற்சின்னாரு.

அதை நேர்ல பார்த்தேன். அண்ணன் கையில இருந்து பெரிய சிரிஞ்சுல ரத்தம் எடுத்து, உறையறதுக்குள்ள அப்படியே ஐசிடி டியூப்ல ஏத்தினாங்க. மொத்தம் நூறு மில்லி. அப்புறம் டியூபை அடைக்காம, டிரிப்ஸ் ஸ்டாண்டு மேல தூக்கி வளைச்சு மாட்டி, பாட்டிலைக் கீழயே விட்டாங்க. காத்து மேல ஏறிப் போயிடும், ரத்தம் ஏற முடியாம உள்ளயே தங்கி ஓட்டை மேல உறைஞ்சு ஒட்டும்னு நர்ஸ் சொன்னாங்க. அவ்வளவுதான் வைத்தியம். ரெண்டு மணி நேரம் அண்ணனை இப்படி அப்படித் திருப்பிப் படுக்க வெச்சாங்க. எங்க கடையில சொல்யூஷன் தடவி ஊதிக் காய வைக்கிற மாதிரியே இருந்துச்சு.

நேத்து குமிழி இருமினா மட்டும். இன்னைக்கு சாயங்காலம் மறுபடி மூச்சுக்கு ஒண்ணு. மனசு விட்டுப் போச்சு.

#14 தூங்கவைப்பவன் | 10.50

விட வேண்டாம். ஒரு தடவையில நிக்கிறதும் உண்டு, ரெண்டு மூணு தடவை போடுறதும் உண்டு. மயக்கம் தேவையில்லாத வைத்தியம்கிறதால ஆபரேஷன் தாங்காதவங்களுக்கு முதல்ல இதைத்தான் பார்க்கிறோம். ஆக்சிஜன் எவ்வளவு போகுது?

#15 காரிமங்கலம் டயர் | 10.58

மூணு லிட்டர் சார். 95.

#16 தூங்கவைப்பவன் | 11.02

அப்போ நல்ல சேதியை விட்டுட்டு கெட்ட சேதியை மட்டும் எழுதியிருக்கீங்க. எட்டுல இருந்து மூணு.

#17 காரிமங்கலம் டயர் | அடுத்த புதன், இரவு 8.30

ரெண்டாவது தடவை ரத்தம் போட்டும் முழுசா நிக்கல. ஆனா ஆக்சிஜன் ஒண்ணரை லிட்டருக்கு வந்துடுச்சு, கக்கூசுக்கு பாட்டிலைக் கையில தொங்கப் போட்டுக்கிட்டு அவரே நடந்து போனாரு. சர்ஜனும் மயக்க டாக்டரும் சேர்ந்து வந்து பார்த்துட்டு, இப்போ பண்ணலாம்னாங்க. பெரிய மாமாவும் கையெழுத்துக்குக் கூட வந்தாரு.

இன்னைக்கு காலையில ஆபரேஷன். ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நடுவுல ரெண்டு தடவை ஆக்சிஜன் இறங்கி, நிறுத்தி, ரெண்டு நுரையீரலுக்கும் காத்து குடுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சாங்களாம். முடிஞ்சதும் சர்ஜன் வெளிய வந்து வீடியோவைக் காட்டினாரு. நெஞ்சுக்குள்ள உப்புத் தண்ணியை ஊத்தி, நுரையீரலை லேசா ஊதி, எங்க குமிழி கிளம்புதுன்னு பார்க்கிறாங்க! எங்க கடை தண்ணித் தொட்டி நெஞ்சுக்குள்ள இருந்த மாதிரி இருந்துச்சு சார். மேல் நுனியில ஒரு கொப்புளம் உடைஞ்சிருந்துச்சு, சுண்டைக்காய் அளவு. அதைச் சுத்தி கொஞ்சம் நல்ல இடமா தள்ளிப் பிடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு வெட்டியிருக்காங்க. நைஞ்ச இடத்துல அடிச்சா நிக்காதுன்னு அவரும் சொன்னாரு. அப்புறம் நெஞ்சுச் சுவரை உள்பக்கமா துணியால தேய்ச்சாங்க, செவக்கிற வரைக்கும். எதுக்குன்னு அவர் சொல்றதுக்கு முன்னாடி எனக்கே தெரிஞ்சிடுச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம ஒட்டு பிடிக்காது.

#18 தென்பெண்ணை | 8.41

நல்லாயிருக்கட்டும் தம்பி. வலி மாத்திரை மறக்காதீங்க.

#19 காரிமங்கலம் டயர் | ஞாயிறு, மாலை 5.10

நாலு நாளா குமிழி இல்ல. எக்ஸ்ரேல நுரையீரல் முழுசா விரிஞ்சிருக்கு. காலையில மூச்சை அடக்கச் சொல்லி ஒரே இழுப்புல டியூபை எடுத்து, போட்டு வெச்சிருந்த தையலை முடிச்சுப் போட்டுட்டாங்க. பீடிக் கட்டை அண்ணி பாத்ரூம்ல தண்ணியில கரைச்சு ஊத்திட்டாங்க.

அண்ணன் அந்த பாட்டிலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு நர்ஸ்கிட்ட கேட்டாரு. கடையில எதுக்காவது ஆகுமாம். குடுக்க மாட்டாங்களாம்.

#20 ஊத்தங்கரை சிஸ்டர் | 5.34

குடுக்கவே கூடாது. தையல் பிரிக்கிற தேதியை டிஸ்சார்ஜ் அட்டையில எழுதி வாங்கிக்குங்க தம்பி.